ஆலைத் தொழிலாளர் கடன் சங்கங்கள் எங்கிருந்து வந்தன, ஏன் சில மட்டும் நிலைத்தன?

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் வேலை செய்யும் எண்பது பேர், பெரும்பாலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எட்டிமடைப் பக்கத்துத் தமிழர்கள், தங்களுக்குள் ஒரு கடன் சங்கம் தொடங்கலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்டது இது: வெளிநாட்டில் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிரெடிட் யூனியன் என்கிறார்களே, அதன் வரலாறு என்ன? அதுவும் நம்மூர் சொசைட்டியும் ஒன்றா? நமக்குச் சரிப்படுமா?

ஒன்றுதான். தமிழ்நாட்டில் 'பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்' என்று போர்டில் நீளமாக எழுதியிருக்கும். ஆலைக்குள் எல்லோருக்கும் அது சொசைட்டி. கேரளத்தில் எம்ப்ளாயீஸ் சொசைட்டி. அமெரிக்காவில் கிரெடிட் யூனியன். வேலை ஒன்றே: உறுப்பினர் மாதாமாதம் கொஞ்சம் போடுகிறார், அந்தப் பணத்திலிருந்தே இன்னொரு உறுப்பினருக்குக் கடன் போகிறது, வட்டி வெளியாள் கைக்குப் போகாமல் உள்ளேயே சுற்றுகிறது, பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. எல்லைப் பக்கம் இப்படி ஒரு சங்கத்தில் பல வருடம் கணக்கு பார்த்தவன் என்பதால் வரலாற்றோடு நடைமுறையையும் கலந்தே சொல்கிறேன்.

கூட்டுறவு என்றதும் எல்லோரும் 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கடை திறந்த 28 பேரைச் சொல்வார்கள். நெசவாளர்களும் அவர்களோடு சேர்ந்த சில தொழிலாளிகளும்தான். ஆனால் அந்தக் கடையில் கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். அதே ஊரில் அதற்குச் சில வருடம் முன்பு ஒரு கூட்டுறவுக் கடை, உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே மூழ்கியிருந்தது. ஆக, ஆலைத் தொழிலாளர்களின் கூட்டுறவு கடனைப் பார்த்துப் பயந்துதான் தொடங்கியது. கடனையே ஒழுங்காகக் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை ஜெர்மனியில் கிடைத்தது. 1850-ல் ஷூல்ஸ் என்பவர் டெலிட்ச் ஊரில் கைவினைஞர்களுக்காக முன்பணச் சங்கம் தொடங்கினார். கிராமங்களில் ரைஃபைசன் விவசாயிகளுக்காக அதையே வேறு மாதிரி செய்தார்: சொத்து ஜாமீன் வேண்டாம், ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து பொறுப்பேற்றால் போதும் என்றார்.

இதற்குப் பிறகு கதை நம் பக்கம் திரும்புகிறது. 1892-ல் சென்னை மாகாண அரசு, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவில் இந்தச் சங்கங்களைப் பார்த்துவர அனுப்பியது. 1895-லும் 1897-லும் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம், நமக்கும் ஒரு ரைஃபைசன் வேண்டும் என்பதுதான். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் விவசாயிகளுக்கான சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தொடங்கின. ஆந்திர எல்லையில் நகரி, சத்தியவேடு பக்கம் இருப்பவர்களுக்குத் திரூர் அதிக தூரமில்லை. சட்டம் கிராமச் சங்கம், நகரச் சங்கம் என்று இரண்டாகத்தான் பிரித்தது. கிராமச் சங்கத்தில் சங்கம் முறிந்தால் உறுப்பினர்கள் வீடு வாசல் வரை பொறுப்பு. நகரச் சங்கம் அதற்கு வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஆலைத் தொழிலாளர், அலுவலகப் பணியாளர் சங்கங்கள் இந்த இரண்டாவது வழியில் வளர்ந்தவை.

1907-ல் எட்வர்ட் ஃபைலீன் என்ற பாஸ்டன் நகரத்து வணிகர் இந்தியா வந்தார். பெரிய பல்பொருள் அங்காடி முதலாளி. வங்காளக் கிராமங்களில் இந்தப் புதுக் கடன் சங்கங்களைப் பார்த்து அசந்துபோனார். ஊருக்குத் திரும்பி, 1909-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன் சட்டம் கொண்டுவரத் துணையாக நின்றார். பிறகு அமெரிக்கா முழுவதும் அதைப் பரப்பக் கைக்காசு செலவழித்தார். கிரெடிட் யூனியனை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அதன் வழியில் வங்காளமும் ஒரு நிறுத்தம்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மான்செஸ்டர் என்ற ஊரில் இருக்கிறது. இங்கிலாந்து மான்செஸ்டர் அல்ல. அந்தப் பெயரையே கடன் வாங்கிய ஊர். அங்கே அமோஸ்கெக் என்ற பஞ்சாலை இருந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது, உச்சத்தில் 17 ஆயிரம் பேர் வரை வேலை செய்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் கனடாவின் கியூபெக் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்த, பிரெஞ்சு பேசும் பிரெஞ்சுக்காரர்கள். ஊர் ஆங்கிலம் பேசும், வங்கியும் ஆங்கிலம் பேசும். ஆலைக் கூலிக்காரர் சில டாலர் போடவோ வாங்கவோ வந்தால் அந்த வங்கிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பாலக்காட்டு வங்கியில் மலையாளப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆளைத் தேடியவர்களுக்கு இந்த இடம் விளக்காமலே புரியும்.

அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் பாதிரியார் பியர் ஹெவே, கியூபெக்கிலிருந்து அல்ஃபோன்ஸ் தெஜார்தென் என்பவரை வரவழைத்தார். தெஜார்தென் கனடா நாடாளுமன்றத்தில் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் வேலையில் இருந்தவர். 1897-ல் கந்துவட்டி பற்றி ஓர் உறுப்பினர் பேசியதைக் குறிப்பெடுத்தபோது அது மனதில் தைத்துவிட்டது. மூன்று வருடம் படித்து, கடிதம் எழுதிக் கேட்டு, 1900 டிசம்பரில் லெவி என்ற தன் ஊரில் மக்கள் வங்கி ஒன்றை அமைத்தார். 1901 ஜனவரியில் வசூல் தொடங்கிய முதல் நாள் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட். முதல் ஆள் போட்டது 10 சென்ட். வசூல் நடந்தது அவர் வீட்டில். அவர் தலைநகரில் வேலையாக இருந்த மாதங்களில் கணக்கைக் கவனித்தது அவர் மனைவி டோரிமென். நிறுவனர் பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் ரொம்ப காலம் கழித்துத்தான் ஏறியது. நம்மூர் மகளிர் குழுக்களில் யார் உண்மையில் நோட்டு எழுதுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இவர்கள் சேர்ந்து 1908 நவம்பரில் மான்செஸ்டரில் தொடங்கியதுதான் அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன். இன்று செயின்ட் மேரிஸ் வங்கி என்று பெயர். முதலில் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் நடந்தது; அந்த வீடு இப்போது கிரெடிட் யூனியன் அருங்காட்சியகம். கவனிக்க வேண்டியது: உறுப்பினர்கள் ஆலைத் தொழிலாளர்கள், ஆனால் சங்கம் ஆலையினுடையது அல்ல. ஒரே சர்ச், ஒரே தெரு, ஒரே மொழி, இவைதான் அதன் கட்டு. 1935-ல் அமோஸ்கெக் ஆலை மூடப்பட்டுத் திவாலானது, அடுத்த வருடம் கலைக்கப்பட்டது. ஆலை போய்விட்டது, சங்கம் இன்றும் இருக்கிறது. என் கணிப்பில் இந்த வரலாற்றில் நமக்கு வேண்டிய விஷயம் இதுதான், மற்றதெல்லாம் பின்னணி.

ஏனென்றால் நம் நாட்டில் ஆலைச் சங்கங்கள் வேறு வழியில் போயின. இங்கே பிரச்சினை ஆலை வாசலிலேயே நின்றது. சம்பள நாளில், வட்டிக்குக் கடன் கொடுத்த ஈட்டிக்காரர் தடியோடு வெளியே காத்திருப்பார். 1931-ல் விட்லி தலைமையிலான ராயல் தொழிலாளர் கமிஷன் எழுதியது: பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குத் தொழிலாளர்களாவது கடனில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். ரூபாய்க்கு மாதம் ஓரணா என்பது சாதாரண வட்டி. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 75 சதவீதம். வங்காளத்தில் 1934-ல், கடன் வசூலுக்காக ஆலை வாசலில் சுற்றுவதையே குற்றமாக்கிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

அப்புறம் 1936-ல் ஊதியம் வழங்கல் சட்டம். முதலாளி இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று அதில் பட்டியல் வந்தது. அதில் கூட்டுறவுச் சங்கத்துக்கான பிடித்தமும் உண்டு. பின்னாளில் உச்சவரம்பும் சேர்ந்தது: மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, கூட்டுறவுப் பிடித்தம் இருந்தால் மட்டும் 75 சதவீதம் வரை போகலாம். நம்மூர் ஆலைச் சங்கங்களின் உயிர்நாடி இந்த ஒரு வரிதான். வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், வீட்டு வாசலில் நிற்க வேண்டாம். சம்பளப் பட்டியலில் ஒரு கட்டம், அவ்வளவுதான். சொசைட்டிகளில் வாராக்கடன் குறைவாக இருந்ததற்குத் தொழிலாளியின் நாணயம் பாதிக் காரணம், அந்தக் கட்டம் மீதிக் காரணம். (புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-ல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் மொத்தப் பிடித்தத்துக்கு 50 சதவீதம்தான் உச்சவரம்பு. பழைய 75-ஐ மனதில் வைத்துக் கடன் கொடுத்துப் பழகியவர்கள் கணக்கை மாற்றியாக வேண்டும்.)

அதே கட்டம்தான் கண்ணியும். பணம் தொழிலாளியிடமிருந்து சங்கத்துக்கு நேரே வருவதில்லை. நடுவே நிர்வாகத்தின் கையில் சில நாள் தங்குகிறது. ஆலை நன்றாக ஓடும் வரை அந்தச் சில நாள் யாருக்கும் தெரியாது. நெருக்கடி வந்ததும் நிர்வாகத்துக்குக் கண்ணில் படும் முதல் பணம் அதுதான். எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் மாதக்கணக்கில் சம்பளத்தில் பிடித்தார்கள், சங்கத்துக்குக் கட்டவில்லை. தொழிலாளியின் சம்பளச் சீட்டில் தவணை கட்டியாயிற்று, எங்கள் லெட்ஜரில் அவர் பாக்கிக்காரர். மகள் கல்யாணத்துக்குப் போட்ட பணத்தைக் கேட்டு வந்தவருக்கு, உங்கள் கம்பெனி தரவில்லை என்று பதில் சொல்ல வேண்டிய நிலைமை. வட்டியை யார் ஏற்பது என்று வருடக்கணக்கில் இழுத்தது. இது அபூர்வமும் அல்ல. இரண்டு மாநிலங்களிலும் பெரிய நிறுவனப் பணியாளர் சங்கங்களே இப்படித் தவித்த செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்னொரு தொல்லை, பல சங்கங்களை 'தொழிலாளர்கள் தொடங்கினார்கள்' என்று சொல்வதே பாதி உண்மை. ஆபீஸ் ஆலை வளாகத்துக்குள், வாடகை கிடையாது, மின்சாரம் இலவசம், தலைவர் பர்சனல் மேனேஜர். வசதிதான், மறுக்கவில்லை. வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த மாதத்தில் யாருடைய கடன் மனு மேலே வருகிறது, யாருடையது அடியில் போகிறது என்று பாருங்கள், அந்த இலவசத்தின் விலை தெரியும்.

எல்லைப் பக்கத்து வரலாற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1956-க்கு முன் பாலக்காடு மலபாரைச் சேர்ந்தது, அதாவது சென்னை மாகாணம். பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் தாலுகா 1949 வரை கொச்சி ராஜ்யம். தேவிகுளமும் பீருமேடும் அதுவரை திருவிதாங்கூர். ஒரே மலைத்தொடரை ஒட்டி மூன்று அரசு, மூன்று கூட்டுறவுச் சட்டம். கேரளம் உருவான பிறகு 1969-ல்தான் ஒரே கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதற்குள் எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பழக்கம் நிலைத்துவிட்டது.

கேரளத்தில் தொழிலாளர்கள் உண்மையிலேயே தாங்களே கட்டிய சங்கத்துக்கு உதாரணம் வடகரை பக்கத்து ஊராளுங்கல். வாக்படானந்தர் என்ற சமூகச் சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய கூலித் தொழிலாளர்களுக்கு நிலக்காரர்கள் வேலை மறுத்தார்கள். அதனால் 1925-ல் 14 பேர் ஆறணா மூலதனத்தில் கூலிவேலைக்காரர் பரஸ்பர சகாயச் சங்கம் தொடங்கினார்கள். இன்று சாலை, பாலம் என்று கட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஒப்பந்தச் சங்கம் அது. அந்த இயக்கத்தார் ஐக்கிய நாணயச் சங்கம் என்று ஒரு கடன் சங்கமும் வைத்தார்கள். இவர்களைச் சேர்த்துக் கட்டியதும் ஆலையல்ல, புறக்கணிப்பு. ஊரே ஒதுக்கியதால் சேர்ந்து நின்றார்கள்.

மூணாறில் கதை தலைகீழ். 2005-ல் டாடா டீ தோட்டங்களை விட்டு விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற கம்பெனி உருவாயிற்று. 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், அதில் பங்குதாரர் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்கு ஊழியர் கையில். பத்தே வருடத்தில், 2015 செப்டம்பரில், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆனபோது, அதே பங்குதாரத் தாய்மார்கள் பெம்பிளை ஒருமை என்று சாலையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை மட்டுமல்ல, தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வர விடவில்லை. நல்ல முயற்சி என்று அந்தக் கம்பெனியைப் புகழ்பவர்கள் உண்டு, எனக்கும் அதில் பாதி சம்மதம். ஆனால் அது கம்பெனி, சொசைட்டி அல்ல. கம்பெனியில் ஓட்டு பங்குக்கு. சொசைட்டியில் ஓட்டு ஆளுக்கு. பங்குப் பத்திரம் கையில் இருந்தும் பேச்சு எடுபடாது என்று நினைத்தவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள்.

சரி, உங்கள் எண்பது பேருக்கு வருகிறேன். கேரளத்தில் பதிவு செய்ய வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த 25 பேர் போதும், அதனால் ஆள் கணக்கு பிரச்சினை இல்லை. பணக் கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு மாதம் 500 என்றால் மாதம் 40,000, வருடத்தில் 4,80,000. கேட்கும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் மாதம் உங்கள் கையில் 40,000 மட்டும், அதைக் கேட்டு வரிசையில் பத்துப் பேர். பல சங்கங்கள் முறிவது முதல் ஆறு மாதத்தில், இந்த வரிசையில்தான். முதல் வருடம் சிறு கடன் மட்டும், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் முன்னுரிமை, நிர்வாகக் குழுவில் இருப்பவர் கடைசி என்று எழுதி வைத்துவிடுங்கள். கடைசி விதி பிடிக்காத ஆள் யாரென்று பார்த்துக்கொண்டால் குழுவுக்கு யாரை எடுக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், மாற்று என்ன என்று பாருங்கள். பத்து வட்டிக்கு 10,000 வாங்கினால் முதல் மாத வட்டி கழித்து 9,000 கையில் வரும். பத்து மாதம் மாதம் ஆயிரம் கட்டினாலும் அசல் பத்தாயிரம் அப்படியே நிற்கும். சொசைட்டியில் வருடத்துக்கு 12 சதவீதக் குறையும் வட்டிக்கு (மீதி அசலுக்கு மட்டும் வட்டி) அதே பத்தாயிரத்தை வாங்கி, மாதம் ஆயிரம் அசலில் கழித்துவந்தால், பத்து மாதத்தில் மொத்த வட்டி 550 ரூபாய். அந்த 550-லும் ஒரு பகுதி வருடக் கடைசியில் டிவிடெண்டாக உங்களுக்கே திரும்பி வரும். கேரளத்தில் பிளேடு என்று சொல்லும் இந்த வட்டித் தொழிலை ஒடுக்க 2014-ல் ஆபரேஷன் குபேரா என்று போலீஸ் இறங்கியது. 2018-ல் கூட்டுறவு வங்கியும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் சேர்ந்து வீட்டு வாசலில் கடன் தரும் 'முற்றத்தெ முல்ல' திட்டம் பாலக்காட்டில்தான் தொடங்கியது. ரெய்டு நடக்கும்போது பிளேடுக்காரர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிடுவார். கடன் வாங்கியவருக்கு அவசரம் வந்தால் அவரே போன் போட்டுக் கூப்பிடுவார். பக்கத்தில் வேறு பணம் இருந்தால்தான் அந்தப் போன் நிற்கும்.

பிடித்தத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது இல்லாமல் தொடங்குவது கஷ்டம். நிர்வாகத்தோடு எழுத்தில் வாங்குங்கள்: சம்பளம் போட்ட இத்தனை நாளுக்குள் பணம் சங்கக் கணக்குக்கு வர வேண்டும், தாமதமானால் வட்டி நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு மாதம் தவறினாலே பதிவாளர் அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் கடிதம் போகட்டும். மூன்றாவது மாதம் வரை மரியாதைக்காகக் காத்திருந்த சங்கங்கள்தான் மாட்டிக்கொண்டன. ஆபீஸை முடிந்தால் ஆலைக்கு வெளியே, பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு சிறு அறையில் வையுங்கள். கணக்கைத் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். மொழிச் சிறுபான்மையினர் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுத 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது, பயன்படுத்துங்கள். 2021-ல் கருவன்னூர் கூட்டுறவு வங்கி முறைகேடு வெளிவந்த பிறகு கேரளத்தில் கூட்டுறவு என்றாலே ஒரு தயக்கம் இருக்கிறது; சுவரில் ஒட்டிய மாதக் கணக்குதான் அதற்கு மருந்து.

தமிழ்நாட்டு எல்லைக்குள் குடியிருக்கும் எட்டிமடைக்காரர்கள் விஷயம் தனி. கடன் வாங்கியவர், ஜாமீன் போட்டவர் இருவருமே தமிழ்நாட்டில் குடியிருந்து, வேலையையும் விட்டுவிட்டால், கேரளத்தில் வாங்கிய தீர்ப்பை வாளையாறு எல்லை தாண்டி நிறைவேற்ற அலைய வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு ஜாமீனாவது கேரளப் பக்கத்து ஆளாக இருக்கட்டும். இரண்டு மாநிலத்திலும் செயல்பட 2002-ன் பல மாநிலக் கூட்டுறவுச் சட்டம் இருக்கிறது. எண்பது பேருக்கு அது அளவுக்கு மீறிய சட்டை. ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு: அங்கே 1995-ல் வந்த பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சட்டத்தில், அரசுப் பங்கு வாங்காத சங்கங்கள் பதிவாளரின் தலையீடு அதிகம் இல்லாமல் தங்கள் விதியைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். புத்தூர், நகரிப் பக்கத்து விசைத்தறிக்காரர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியை எழுதும்போது உறுப்பினர் தகுதி என்ற பிரிவில் அதிக நேரம் செலவிடுங்கள். மாதிரித் துணைவிதியை அப்படியே நகல் எடுத்தால் 'இந்த ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்' என்று வரும். ஒப்பந்தத் தொழிலாளர் அப்போதே வெளியே. ஓய்வு பெற்றவர் அன்றோடு வெளியே. ஆலை மூடினால் எல்லோரும் வெளியே. அதை மாற்றி, கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் எந்த ஆலையிலும் வேலை செய்பவர், வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஒப்பந்தத்தில் இருப்பவர் என்று எழுத முடியுமா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். உடனே சரி என்று சொல்ல மாட்டார்கள், இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்புவார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.